நாற்பதைத் தாண்டினால் பிஎச்.டி. கிடையாதா?

"40 வயதுக்கு மேல் பிஎச்.டி. சேர முடியாது, யுஜிசி தடை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளில் சேர்க்கைக்கு அதிகபட்ச வயது வரம்பே இல்லை.

குழப்பம் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையிலிருந்து வந்திருக்கலாம். அதற்கு வயது வரம்பு உண்டு: பொதுவாக 30, பெண்கள், எஸ்சி, எஸ்டி உள்ளிட்டோருக்கு 5 ஆண்டு தளர்வு. அது பணத்துக்கான வரம்பு, படிப்புக்கானது அல்ல. (அந்தப் பணம் இல்லாமல் வீட்டுச் செலவைச் சமாளிப்பது தனிக் கவலை, சரி.)

வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகச் சேரலாம். அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அப்புறம், "தபாலிலேயே முடித்துவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. நடத்த அதே விதிகள் அனுமதிப்பதில்லை.