வேகத்துக்கு திசை இருக்கா இல்லையா

போன கிழமை டேர்ம் டெஸ்ட் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன், தரம் 10 சயன்ஸ். நல்லா படிக்கிற பையன், அம்மா தேயிலை கொழுந்து எடுக்கிறவங்க, "வேகத்துக்கு திசை இல்லை"ன்னு எழுதி அடியில கோடு வேற போட்டிருக்கான். முட்டை போட பேனாவ வச்சிட்டேன். அடுத்த வரிய பாத்தா "திசைவேகத்துக்கே திசை உண்டு"ன்னு இருக்கு. அப்பதான் வெளங்குச்சு, புள்ள தமிழ்நாட்டு யூடியூப் சனல் பாத்து படிச்சிருக்கான்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், அங்க வேகம்னு சொல்றத நம்ம இலங்கை புக்ல கதின்னு போட்டிருக்கு, அவங்க திசைவேகம்ங்கிறது நமக்கு வேகம். முடுக்கம் இங்க ஆர்முடுகல், ஒளிச்சேர்க்கை இங்க ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் ஒட்சிசன். இதெல்லாம் கூட சமாளிக்கலாம், பேர் தானே வேற. ஆனா வேகம் மாதிரி ஒரே சொல் ரெண்டு பக்கமும் வேற வேற அர்த்தத்துல நிக்கிறப்பதான் புள்ளைங்க கவுந்து போறாங்க. அழுத்தமும் அப்படித்தான், அங்க அழுத்தம்னா நம்ம அமுக்கம், நம்ம பாடத்துல அழுத்தம்னு வந்தா கரண்ட் பாடம்.

அதுக்காக புள்ளைங்க கிட்ட இருந்து ஃபோன பறிச்சு வைங்கன்னு சொல்ல வரல. லேப்னு ஒரு ரூம் இருக்கு, உள்ள உடைஞ்ச கதிரைதான் இருக்கு, இதயம் எப்படி ரத்தத்த தள்ளுதுன்னு நான் போர்ட்ல அரை மணித்தியாலம் கீறி காட்டுறத அந்த வீடியோ ரெண்டு நிமிசத்துல காட்டிடுது. பொகவந்தலாவையில இருந்து ஹட்டனுக்கு டியூசன் போறதுன்னா பஸ் காசே எவ்வளவு, அதுக்கு டேட்டா போடுறது லாபம்னு அம்மாமாருக்கு தெரியாதா என்ன. 2020ல ஸ்கூல் மூடுனப்ப சிக்னலுக்காக மலை உச்சிக்கு ஏறுன புள்ளைங்கதான் இதுங்க, இப்ப லயத்துக்குள்ளயே, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்குள்ளயே, ஓரளவு கிடைக்குது.

என் கோவம் எங்க மேலதான். வட்சப் குரூப்ல பிடிஎப் தள்ளிவிட்டா படிப்பிச்ச கணக்குன்னு இருக்கோம், நானும்தான். நம்ம சிலபஸ்ல வீடியோ போடுறவங்க இல்லாம இல்ல, ஆனா தேடுனா முதல்ல வந்து நிக்கிறது அங்க உள்ளதுதான். சட்ஜிபிடி கிட்ட தமிழ்ல கேட்டு பாத்தேன், அதுவும் வேதியியல்னுதான் பேசுது, நம்ம ரசாயனவியல் அதுக்கு வாயில வரல. இத புள்ளைக்கு சொல்லிக்குடுக்க ஆள் வேணாமா?

பையன கூப்பிட்டு சொன்னேன். "அப்ப யாரு சேர் சரி, அவங்களா நம்மளா?"ன்னான். ரெண்டும் சரிதான்டா, ஓஎல் (தரம் 11 முடிவுல வர்ற அரசாங்க பரீட்சை) பேப்பர்ல நம்மளுது எழுதுன்னேன். அடுத்த நாள் கொப்பி கடைசி பக்கத்துல கோடு போட்டு இந்தப்பக்கம் நம்ம சொல், அந்தப்பக்கம் அவங்க சொல்னு இருபத்தி மூணு எழுதிட்டு வந்தான். போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டேன். நேத்து மஸ்கெலியாவுல இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் "சேர், இது உங்க புள்ளைங்களுக்கு பிரயோசனப்படும்"னு அதே போட்டோவ எனக்கே அனுப்பியிருக்கார். ஆர்முடுகல்ல ஒரு 'க்' கூட போட்டிருந்தான், அதுவும் அப்படியே இருக்கு.