சுட்ட கல்லும் வேண்டாம், மழையில் கரையவும் கரையாது

"மண் கல்லில் வீடு கட்டினால் கடலூர் மழைக்கு ஒரே வருஷத்தில் கரைந்துவிடும், அதனால்தான் இன்ஜினியர்கள் தொடுவதில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். பச்சை மண் கல் கரையும், சரி. ஆனால் நான் சொல்வது, மண்ணில் சுமார் 5% சிமெண்ட் கலந்து, சுடாமல் பிரஸ் இயந்திரத்தில் அழுத்திய கல்லைப் பற்றி. பக்கத்து ஆரோவில்லில் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கல்லில் கட்டிய பார்வையாளர் மையம் இன்றும் நிற்கிறது. 2011 தானே புயலும் அந்தப் பக்கம்தான் கரை கடந்தது. இந்தக் கல்லுக்கென்றே ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரவிதியும் இருக்கிறது.

கல் கெடுவது தயாரிப்பில்தான். மேல்மண்ணை வேரோடு நீக்க வேண்டும். மணல் பாதியாவது இருக்க வேண்டும். கடலூர் பக்கத்துக் கேப்பர் மலைச் செம்மண்ணுக்குச் சிமெண்ட் ஒத்துப்போகும். களிமண் அதிகமானால் சுண்ணாம்புதான். தண்ணீர் விட்ட கலவையை அரை மணிக்குள் அழுத்திவிட வேண்டும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் மூடி, பிறகு 28 நாள்வரை ஈரம் காயக்கூடாது. வெயிலில் காயப்போட்டு ஒரே வாரத்தில் சுவரில் ஏற்றினால் ஓரம் உதிரும். கடற்கரை ஓர உப்பு மண்ணும் உப்புத் தண்ணீரும் அறவே கூடாது.

இந்தக் கல்லைத் தொடாததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மண் பரிசோதனைக்கும், கல்லை ஈரத்தில் வைத்து இறுகவிடும் கியூரிங்குக்கும் ஒரு மாதம் முன்பே திட்டமிட வேண்டும். சதுர அடி ரேட்டில் எடுக்கும் கான்ட்ராக்டருக்கு அந்த நாட்கள் நஷ்டம். பழகிய கொத்தனாரும் குறைவு. வாங்குமுன் 28 நாள் ஆன கல்லை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள்; உதிர்ந்தால் வேண்டாம்.