படுக்கையறைக்குப் பழைய ஆம்ப் தேடுபவர்களுக்கு

பழைய ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி 'எத்தனை வாட்ஸ்?' என்பதுதான். படுக்கையறைக்கு இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நாம் கேட்பது 65, 70 டெசிபல்தான், அதற்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு போதும். நடுவில் டிரம்ஸ் எகிறினால்கூட ஒன்றிரண்டு வாட்.

1976-ல் பயனியர் எஸ்எக்ஸ்-1250 சேனலுக்கு 160 வாட்ஸ் என்று வந்தது. அழகான ராட்சசன், பெரிய ஹாலுக்குச் சரி. இரண்டு வருடம் கழித்து எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த என்.ஏ.டி. 3020 வெறும் 20 வாட்ஸோடு, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு சாம்பல் பெட்டியாக வந்து உலகம் முழுக்க விற்றது. படுக்கையறைக்கு என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

உண்மையில் பார்க்க வேண்டியது லவுட்னஸ் பட்டன். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை, அதாவது கனத்த தாழ் ஒலியை, அதிகமாக இழக்கும், இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் ராத்திரியில் மெதுவாக வைத்தால் பாட்டு சப்பென்று ஆகிறது. லவுட்னஸ் அந்த இழப்பை ஈடுகட்டும். 'தூய ஒலி' என்ற பெயரில் பிறகு வந்த பல ஆம்ப்களில் இதைத் தூக்கிவிட்டார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. யமஹாக்காரர்கள் செய்ததுதான் சரி: பட்டனுக்குப் பதில் ஒரு திருகு. வழக்கமான சத்தத்தில் வால்யூமை வைத்துவிட்டு, அப்புறம் லவுட்னஸ் திருகால் சத்தத்தைக் குறைத்தால், குறைக்கும் அளவுக்கு ஏற்றபடி ஈடும் கூடும். மெதுவாகக் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு சிக்கல், இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கால ஆம்ப்களின் லைன் இன்புட் (சிடி பிளேயர் போன்றவற்றைச் செருகும் இடம்) 150, 200 மில்லிவோல்ட்டிலேயே முழு சக்திக்குப் போய்விடும், இன்றைய சிடி பிளேயரும் பெரும்பாலான டேக்குகளும் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி, DAC) 2 வோல்ட் தருகின்றன. விளைவு, வால்யூமைக் கொஞ்சம் தொட்டாலே அறை அதிரும். அதைவிட மோசம், பழைய வால்யூம் திருகின் ஆரம்பப் பகுதியில்தான் இடது வலது சேனல்கள் ஒத்துப்போகாது, பாடகர் குரல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பல ஆம்ப்களில் மைனஸ் 20 டெசிபல் மியூட்டிங் பட்டன் உண்டு. அதை அழுத்தியே வையுங்கள், 2 வோல்ட் சரியாக 0.2 வோல்ட் ஆகிவிடும். பட்டன் இல்லையென்றால் டேக்கிலேயே சத்தத்தைக் குறையுங்கள்.

வாங்கும்போது ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டிசி வோல்ட் பாருங்கள், பாட்டு எதுவும் ஓடாதபோது. சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் உங்கள் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள். நாற்பது வருட எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் அது 100 வோல்ட், நம் 230-ல் நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, படுக்கையறையில் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும், ஆகவே பின்பக்கம் ஓட்டை உள்ளதை எடுக்காதீர்கள், பேஸ் குழம்பும். மூடிய பெட்டி நல்லது. பிபிசி தன் ஒளிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ அந்த வகைதான். சென்சிட்டிவிட்டி 83 டெசிபல்கூட இல்லை, ஆனாலும் ராத்திரி நேரச் சத்தத்துக்கு என்.ஏ.டி.யின் அந்த 20 வாட்ஸ் தாராளம். அதன் இன்றைய விலை கட்டாது என்றால் ஏதாவது ஒரு சின்ன மூடிய பெட்டி ஸ்பீக்கர் பாருங்கள், மிச்சப் பணத்தை ஆம்பைச் சரிபார்க்கும் மெக்கானிக்குக் கொடுங்கள்.