ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையிடமும் பேச வேண்டும்

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம், 9 மாதக் குழந்தைகள் முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை அனைவருக்குமானது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் பின்வாங்கியதால் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது நடந்த விவாதம் முழுவதும் பெற்றோரைச் சுற்றியே இருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளும் வயதில் இருந்த எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் உட்கார்ந்து பேசியவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் தடுப்பூசி பற்றிய பாடம் இல்லாமல் இல்லை. ஆனால் எதிர்ப்பொருள் பற்றிய கேள்விக்குப் பிழையின்றி விடை எழுதும் மாணவர்களில் பலருக்கு, 10 வயதிலும் 16 வயதிலும் தமக்குப் போடப்படும் டிடி ஊசி எதற்கென்று தெரிவதில்லை. துருப்பிடித்த ஆணி குத்தினால் போடுவது என்பார்கள். அது இரணஜன்னியோடு (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) தடுக்கிறது என்பதும், குழந்தைப் பருவத்தில் பெற்ற எதிர்ப்பாற்றல் காலப்போக்கில் குறைவதால்தான் மறுபடி போடுகிறார்கள் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

பதின்ம வயதினர் ஊசியைக் கண்டு மயங்கி விழுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. பயத்தாலும் வலியாலும் இதயத்துடிப்பு சற்று நேரம் மந்தமாகி, இரத்த அழுத்தம் இறங்குவதால் வருகிற மயக்கம் அது. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போதும் வரும். ஊசிக்குப் பின் 15 நிமிடம் உட்காரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதை முன்னரே சொல்லியிருந்தால், மயங்கிய பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துவதோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால், வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்கும் தலைசுற்றும், மாலைக்குள் அந்தக் காணொளி ஊரெங்கும் சுற்றும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியில் இந்த மௌனத்தின் விலை இன்னும் அதிகம். ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு அது போடப்பட்டபோது, ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். அத்திட்டக் காலத்தில் நேர்ந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு கூறிய பிறகும் ஐயம் தீரவில்லை. கேட்காமல் போட்ட ஊசியை மக்கள் எப்படி நம்புவார்கள்? ஜப்பானில் 2013இல் அரசு தன் பரிந்துரையை நிறுத்தி வைத்ததும், ஏறக்குறைய 70 விழுக்காடாக இருந்த தடுப்பூசி விகிதம் 1 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக வழங்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் பாலுறவின் வழியே பரவுவது, அதனால்தான் அதற்கு வெகுமுன்னரே, இந்த வயதில் ஊசி போடப்படுகிறது என்று சொல்லப் பெரியவர்கள் கூச்சப்படுகிறோம். நாம் விட்ட இடத்தை, பிள்ளைப்பேறு பாதிக்கும் என்ற பொய் நிரப்பிவிடுகிறது.

ஆகவே என் கோரிக்கை இது: ஊசி போடும் நாளுக்கு முந்தைய வாரத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ வகுப்பில் முழுதாக ஒரு பாடவேளை பேச வேண்டும். ஆண் பிள்ளைகளும் உடனிருக்க வேண்டும், ஏனெனில் அந்த வைரஸ் ஆண்களையும் தொற்றுகிறது. மாதவிடாய் பற்றியும் பிள்ளைப்பேறு பற்றியும் வரும் கேள்விகளைப் பெயர் எழுதாத சீட்டில் வாங்கி, ஒன்றைக்கூட ஒதுக்காமல் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பெற்றோரின் கையெழுத்துக்கு அனுப்பும் படிவம் அதன் பிறகு வீட்டுக்குப் போகட்டும்.