நன்றிக்கடன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மருமகன்: இந்த ஆண்டு முடிவதற்குள் உங்களுக்குப் பட்டிருக்கும் நன்றிக்கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்றுதான், அத்தை, கொச்சியில் விடியற்காலை ரயிலைப் பிடித்து, பாலக்காட்டில் இறங்கி, இரண்டு பேருந்து மாறி, கேரள எல்லையில் இருக்கும் இந்த வேலந்தாவளத்தில் உங்கள் தேநீர்க் கடை வரை வந்திருக்கிறேன்.

அத்தை: உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், கண்ணு. கொஞ்சம் பொறு, பாலை இறக்கி வைத்துவிட்டு நோட்டை எடுத்து வருகிறேன்.

மருமகன்: நோட்டு எதற்கு?

அத்தை: கடனை மனக்கணக்காகத் தீர்த்தால் நாளைக்கு உனக்கும் சந்தேகம் வரும், எனக்கும் சந்தேகம் வரும். இதோ, உன் பக்கம். சித்திரையில், கைப்பேசியின் கண்ணாடி உடைந்துவிட்டது என்று 2,000 ரூபாய். ஆடியில், விடுதிக்கு முன்பணம் என்று 1,500. ஆவணியில், அலுவலகத்தில் ஓணம் கொண்டாடக் கசவு வேட்டியும் அதற்கு ஏற்ற சட்டையும் வேண்டும் என்று 3,000. தீபாவளிக்கு வந்தபோது, திரும்பிப் போகப் பணமில்லை என்று 2,500. ஆக 9,000. இங்கிருந்து கொச்சிக்குப் போக 2,500 ஆகுமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்; பண்டிகை நாளாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மருமகன்: நான் சொன்னது அந்தக் கடனை இல்லை, அத்தை. நன்றிக்கடனை.

அத்தை: அப்படி ஒரு பக்கம் இந்த நோட்டில் இல்லையே. பால்காரருக்கு ஒரு பக்கம், காய்கறிச் சந்தைக்காரர்களுக்கு நான்கு பக்கம். லாரிக்காரர்களுக்கு முன்பெல்லாம் முப்பது பக்கம் ஒதுக்கியிருந்தேன். 2017இல் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடியை எடுத்த பிறகு லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கியதால், அந்தப் பக்கங்களில்தான் உன் கணக்கை எழுதி வருகிறேன். நீ சொல்லும் நன்றியைப் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா?

மருமகன்: அது எழுதுகிற விஷயமே இல்லை, உணர்கிற விஷயம். எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து மூன்று சாதனைகள், கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள், நன்றிக்கடன் பட்டிருக்கும் மூன்று பேர் ஆகியவற்றைப் படத்துடன் நிரப்பி, 31ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அத்தை: எழுதுகிற விஷயமில்லை என்றாய், படிவம் என்கிறாய்.

மருமகன்: அதில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

அத்தை: எத்தனையாவது பெயராக?

மருமகன்: மூன்றாவதாக.

அத்தை: முதல் இரண்டு பேர் யார்?

மருமகன்: என் மேலாளரும், அவருடைய மேலாளரும்.

அத்தை: அவர்கள் உனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்?

மருமகன்: பணமாக ஒன்றும் கொடுக்கவில்லை, அத்தை. வழிகாட்டினார்கள்.

அத்தை: வழி காட்டியவர்களுக்கு முதலிரண்டு இடம், வழிச்செலவு கொடுத்தவளுக்கு மூன்றாமிடம். சரி, அது போகட்டும். எந்த ஆண்டு முடிகிறது என்கிறாய்?

மருமகன்: இது என்ன கேள்வி? டிசம்பர் முடிகிறதல்லவா?

அத்தை: இன்றைக்கு மார்கழி 12. நீ சொல்லும் 31ஆம் தேதி மார்கழி 16. மார்கழி பாதியில் எந்த ஆண்டு முடியும்? இந்த நோட்டுக்கு நான் சித்திரை முதல் நாளில்தான் மஞ்சள் தடவினேன், அது பங்குனி வரை ஓடும். எதிர்க்கடைக்காரர் வீட்டு மலையாளக் காலண்டரிலோ, சிங்க மாதம் முதல் நாளில், அதாவது ஆகஸ்டிலேயே, கொல்லம் ஆண்டு 1201 பிறந்துவிட்டது. சம்பளத்தை ஏன் உயர்த்தவில்லை என்று நான் கேட்டபோது, நிறுவனத்துக்கு ஆண்டு மார்ச் 31இல்தான் முடியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சம்பளம் கூட்டுவதற்கு மார்ச்சில் முடிகிற ஆண்டு, நன்றி சொல்வதற்கு மட்டும் டிசம்பரிலேயே முடிந்துவிடுமா?

(எதிர் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தேநீர் புரையேறியது. என் வீட்டிலும் ஒருவர் இப்படி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, கற்ற பாடம் இரண்டுதான் தேறுகிறது, மூன்றாவதற்கு ஏதாவது சொல்லுங்கள் என்று மூன்று நாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அத்தையின் நோட்டில் எனக்கும் அரைப் பக்கம் உண்டு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.)

மருமகன்: படிவத்துக்காக மட்டும் நான் வரவில்லை. புத்தாண்டுக்கு உங்களைக் கொச்சிக்கு அழைத்துப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் ஃபோர்ட் கொச்சியிலேயே இறங்கலாம். வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு. அங்கே 'வெளி' என்ற மைதானத்தில் இருக்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் முழுவதும் விளக்குகளைச் சுற்றி, அதையே கிறிஸ்துமஸ் மரமாக்கியிருப்பார்கள்.

அத்தை: தூங்குமூஞ்சி மரத்தைக்கூட அந்த ஊரில் தூங்க விடுவதில்லையா?

மருமகன்: அதன் பிறகு நள்ளிரவில் பரேடு மைதானத்தில் பப்பாஞ்ஞியை எரிப்பார்கள்.

அத்தை: அது என்ன?

மருமகன்: பப்பாஞ்ஞி என்றால் கிழவர்.

அத்தை: சிவசிவா!

மருமகன்: உண்மையான கிழவர் இல்லை, அத்தை. மூங்கிலிலும் சாக்கிலும் பெரிதாக ஓர் உருவம் செய்து, கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, வெள்ளைத் தாடி ஒட்டி நிறுத்துவார்கள். மணி பன்னிரண்டு அடித்ததும் கொளுத்துவார்கள். கழிந்த ஆண்டின் துன்பமெல்லாம் அவரோடு எரிந்துவிடும் என்பது நம்பிக்கை. மறுநாள் ஊர்வலம்கூட உண்டு.

அத்தை: அந்தக் கிழவர் யாருக்காவது கடன் கொடுத்திருந்தாரா?

மருமகன்: ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?

அத்தை: கோட்டும் தொப்பியும் போட்டவர் என்கிறாய். வசதியானவராகத்தான் இருந்திருப்பார். கடன் கொடுத்தவரைக் கொளுத்திவிட்டால் நோட்டும் சேர்ந்து எரிந்துவிடும். மறுநாள் ஊர்வலம் போவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

மருமகன்: நாமும் போகியன்று பழையதை எரிக்கிறோமே!

அத்தை: இந்தப் பக்கத்தில் மார்கழிக் கடைசி நாளில் காப்புக் கட்டுவோம். வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கூரையில் செருகுவோம். எரிக்கிற வழக்கம் உள்ளவர்களும் பழைய பாயைத்தான் எரிப்பார்கள். பாயில் படுத்திருந்த பாட்டனை எரிப்பதில்லை. போன முறை நீ அங்கே போய் என்ன கண்டாய்?

மருமகன்: கண்டது கொஞ்சம்தான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்ததால், கிழவரை அவர்களுடைய திரைகளில்தான் பார்க்க முடிந்தது. கூட்டம் கலையத் தொடங்கியபோது பேருந்தில் கால் வைக்க இடம் கிடைக்காமல், தோப்பும்படி வரை நடந்தே வந்து சேர்ந்தேன். ஆனாலும் அந்த நெரிசலிலும் உங்களை மறக்காமல் அழைத்து வாழ்த்துச் சொன்னேனே!

அத்தை: சொன்னாய். மணி பன்னிரண்டே கால். நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் அது எந்த ஊர்ச் செய்தியாக இருக்கும் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நான் எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி தலையை முடிந்துகொண்டு வந்து நின்றுவிட்டாள். நீ சத்தத்துக்கு நடுவில் கத்தியதில் 'கிழவர்', 'எரித்துவிட்டார்கள்' என்ற இரண்டு சொற்கள்தான் எங்களுக்கு விளங்கின. உன் பெரியப்பாதான் போய்விட்டார் என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். விடிந்ததும் அவரே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவரை எனக்கு உயிர் இல்லை. அவருடைய பழைய பாக்கி வேறு இருந்தது.

மருமகன்: அதை விடுங்கள். இப்போது ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

அத்தை: இரு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

மருமகன்: வேண்டாம், வேண்டாம். இதே புடவைதான் வேண்டும். எளிமையாக இருந்தால்தான் மேலாளருக்குப் பிடிக்கும். அடுப்புக்கு முன்னால், கொஞ்சம் புகையோடு நில்லுங்கள். கண் சற்றுக் கலங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அத்தை: கேஸ் அடுப்பில் புகை எங்கிருந்து வரும்?

மருமகன்: வாசலில் கொஞ்சம் சருகைக் கொளுத்தலாமா?

அத்தை: கிழவரை எரித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கண்ணு, எனக்கு ஒன்று மட்டும் சொல். நீ நன்றியுள்ள பிள்ளை என்பது உன் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும், அதற்கு என் கிழிந்த புடவை வேண்டும். எனக்குத் தெரிய வேண்டாமா? இந்த ஆண்டில் நீ நான்கு முறை வந்தாய். நான்கு முறை வந்ததும் தேதியோடு இந்த நோட்டில் இருக்கிறது. ஐந்தாவது முறையாக ஒன்றும் கேட்காமல் வந்திருக்கிறாய் என்று நினைத்துத்தான் பழம்பொரியைச் சூடாகப் போட்டுக் கொடுத்தேன்.

(இந்த இடத்தில் மருமகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையைத் திறந்து ஒரு பிளம் கேக்கை எடுத்து மேசையில் வைத்தார். பேச்சில் தோற்றவர்கள் டிசம்பர் மாதத்தில் பிளம் கேக்கைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.)

மருமகன்: இது உங்களுக்காகக் கொண்டுவந்தது. இந்தக் கேக்குக்கு ஒரு கதை உண்டு. 1883இல் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த மாம்பள்ளி பாப்புவிடம், மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்கார துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, இதே போலச் செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பாப்பு செய்துகொடுத்ததைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றாராம்.

அத்தை: அந்த துரை காசு கொடுத்தாரா, அல்லது பாப்புவின் பெயரை மூன்றாவதாக எழுதிக்கொண்டு போனாரா?

மருமகன்: அத்தை!

அத்தை: கோபப்படாதே. இந்தக் கேக் என்ன விலை? வரவில் எழுத வேண்டும்.

மருமகன்: இது... அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தது.

அத்தை: அப்படியானால் எழுத முடியாது. நகரத்தில் 31ஆம் தேதி உனக்கு என்ன செலவு?

மருமகன்: மைதானத்துக்குச் செலவில்லை. அதற்கு முன்னால் ஓர் ஓட்டலில் சாப்பாடும் பாட்டும் வைத்திருக்கிறார்கள். தலைக்கு 3,500 ரூபாய். நீங்களும் வருவதாக இருந்தால் இரண்டு தலைக்கு 7,000. இப்போதைக்கு நீங்களே கட்டிவிட்டால், ஜனவரிச் சம்பளம் வந்ததும் நான்...

அத்தை: கட்டினால் படிவத்தில் என்னை இரண்டாவது பெயராக ஏற்றுவாயா?

மருமகன்: இரண்டாவது பெயரை மாற்ற முடியாது, அத்தை. சம்பள உயர்வை அவர்தான் முடிவு செய்கிறார்.

அத்தை: மார்ச்சில்.

மருமகன்: மார்ச்சில்.

அத்தை: நான் வரவில்லை. அன்று மாலை இங்கே கடையில் கூட்டமாக இருக்கும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து, கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லை தாண்டி இங்கே வந்து டிக்கெட் வாங்குகிறார்கள். கேரள லாட்டரியின் கிறிஸ்துமஸ் பம்பர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வருவார்கள், தேநீர் குடிப்பார்கள், காசு கொடுப்பார்கள், நன்றி சொல்லாமல் போவார்கள். மிகவும் நல்ல மனிதர்கள்.

மருமகன்: நல்லவேளையாக நினைவுபடுத்தினீர்கள். வரும் வழியில் நானும் ஒரு பம்பர் டிக்கெட் வாங்கினேன். இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு 20 கோடி ரூபாய். இப்போது என் நன்றிக்கடன் தீர்ந்ததா, இல்லையா?

அத்தை: டிக்கெட் விலை என்ன?

மருமகன்: 400 ரூபாய்.

அத்தை: வரவு, 400. ஒன்பதாயிரத்தில் 400 போக 8,600. இன்று நீ குடித்த தேநீரும் தின்ற பழம்பொரியும் 24. ஆக 8,624. இங்கே ஒரு கையெழுத்துப் போடு.

மருமகன்: 20 கோடி விழுந்தாலும் இதே கணக்குத்தானா?

அத்தை: அது எப்படி? விழுந்தால் உன்னை மறந்துவிடுவேனா, கண்ணு? யாராவது என்னிடமும் ஒரு படிவத்தைக் கொடுத்தால் உன் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். படமும் ஒட்டுவேன், அதற்கு நீ நல்ல சட்டையாகவே போட்டுக்கொண்டு வரலாம்.