மருத்துவிச்சிமோட்டை என்றே எழுதுங்கள்

வன்னியில் யாரிடமாவது அவருடைய ஊர்ப்பெயர் எப்படி வந்ததென்று கேட்டால் கதையில் கட்டாயம் ஒரு அரசன் வந்துவிடுவான். வேட்டைக்கு வந்திருப்பான், படையோடு தங்கியிருப்பான், ஏதாவது கட்டியிருப்பான். அரசர்கள் இங்கே இருந்தவர்கள்தான், மறுக்கவில்லை. 1803 ஒக்டோபர் 31 என்று திகதியிட்டுப் வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிடம் தோற்றதைச் சொன்ன நினைவுக்கல் நின்றது எங்கள் பக்கத்துக் கற்சிலைமடுவில்தான். ஆனால் எங்கள் ஊர்ப்பெயர்களில் முக்கால்வாசி அரசர்களைப் பற்றியவை அல்ல. குளம், மடு, கேணி, கட்டு, மோட்டை, முறிப்பு எல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டிய சனங்களின் பெயர்கள். சின்னக் குளமென்றால் மோட்டை, அணை கட்டினால் கட்டு, உடைத்துக்கொண்டு போனால் முறிப்பு. ஒட்டுசுட்டானையே எடுங்கள். குரக்கன் வெட்டிய பிறகு நின்ற ஒட்டை ஒரு கமக்காரன் சுட்டான், அந்த இடத்தில் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்பதுதான் கோயில் கதை. இவ்வளவு பெரிய கோயில் இருந்தும் ஊருக்கு நின்ற பெயர் கமக்காரன் செய்த வேலையின் பெயர்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் குக்கிராமம். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே காட்டுப்பக்கமாகப் போகவேண்டும், இருபது குடும்பம் தேறாது. கடிதத்திலும் வாக்காளர் இடாப்பிலும் மருதமோட்டை என்று இருக்கிறது. மோட்டைக் கரையில் மருதமரம் நின்றதாம், அதனால் வந்த பெயராம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்படையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சனசமூக நிலையத்தில் இப்போது புதுப் பெயர்ப்பலகை போடப்போகிறார்கள். அதில் 'மருதநகர்' என்று மாற்றலாம் என்று இளம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். மோட்டை என்றால் பட்டிக்காடு மாதிரி இருக்கிறதாம்.

எங்கள் அம்மம்மா ஒருநாளும் மருதமோட்டை என்று சொன்னதில்லை. அவவுக்கு அது மருத்துவிச்சிமோட்டை. அந்த மருத்துவிச்சி அவவின் அம்மம்மா. சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் அவதான் பேறு பார்த்தவ. இரவில் ஆள் வந்து கூப்பிட்டால் சூள் கொளுத்திக்கொண்டு யானைப் பாதையால் நடப்பாவாம். பிள்ளை பிறந்த வீட்டில் துடக்குக் கழியும்வரை போய்வந்து, சரக்கு அரைத்துக் கொடுத்து, தாயையும் பிள்ளையையும் பார்ப்பா. சூடடித்த பிறகு களத்தில் அவவுக்கென்று நெல் அளந்து வைப்பார்களாம். மோட்டையடிக் காணியும் அப்படி ஊரவர்கள் விட்டுக்கொடுத்தது என்பது அம்மம்மாவின் கதை.

அந்தக் காலத்து வன்னியை நினைத்துப் பார்க்கவேண்டும். காய்ச்சலும் பறங்கி என்ற புண்நோயும் ஊர் ஊராகத் தின்றுகொண்டிருந்த காலம். 1895இல் லூயிஸ் துரை எழுதிய வன்னி மாவட்டக் கையேட்டைப் புரட்டினால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு கிடந்த ஊர்களும், ஆளே இல்லாமற் போன ஊர்களும் வருகின்றன. ஊர் அழிந்தால் பெயரும் காட்டுக்குள் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை உயிரோடு பிறப்பதுதான் ஊர் நிலைப்பதற்கான வழி. அதைப் பார்த்தவளின் பெயரைச் சனங்கள் ஊருக்கு வைத்ததில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

சரி, கிழவி சொன்ன கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. 1930களில் எழுதியது, எங்கள் பெரியம்மாவிடம் உள்ளது. 2009இல் புதுக்குடியிருப்பு, மாத்தளன், பிறகு செட்டிகுளம் முகாம் என்று அவவின் மடியிலேயே போய்வந்த பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்துக் காட்டினா. மடிப்புகள் கிழிந்துவிட்டன. ஒரு மூலையில் தண்ணீர் பட்டு மை ஊறிப்போய், சாட்சிக்காரர் பெயர்களே தெரியவில்லை. எல்லை சொல்லும் வரி மட்டும் தப்பியிருக்கிறது. தெற்கு எல்லை 'மருத்துவிச்சிமோட்டை அலைகரை' என்று நொத்தாரிசின் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது. விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். எனக்கு அது போதும்.

அப்படியானால் 'விச்சி' எங்கே போனது? நீளமான பெயர்கள் தேய்வது வழமைதான். வவுனியா நகரமே பழைய ஆவணங்களில் வவுனியன் விளாங்குளம், பின்பாதி கழன்று முன்பாதி நின்றுவிட்டது. கந்தோர்களில் ஆங்கிலத்தில் எழுதி, அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போதும் எழுத்துகள் உதிரும். ஆனால் எங்கள் ஊர் விடயத்தில் தேய்மானம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். பெரியம்மாவிடம் குடைந்து குடைந்து கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னா: "மருத்துவிச்சி வம்சம் எண்டு சொன்னால் சம்பந்தம் பேச வாறவை ஒரு மாதிரிப் பாப்பினம் மோனை. அதுதான் எங்கட ஆக்கள் பரிகாரியார் பகுதி எண்டு சொல்லத் தொடங்கினவை."

அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு கொதித்தது. நாடி பிடித்து குளிசை உருட்டிய ஆண் பரிகாரியார், மரியாதைக்குரியவர். இரத்தமும் துடக்குமாக இருந்த அறைக்குள் போய் உயிரை வெளியே எடுத்தவள் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டவள். வயிற்று நோவு வரும்போது வேண்டும், கலியாணப் பேச்சு வரும்போது வேண்டாம். ஊர் வைத்த பெயரை அவவின் சொந்தப் பேரப்பிள்ளைகளே சுருக்கினார்கள். மருதமரம் வந்து அந்த இடத்தை நிரப்பியது. மரத்துக்குச் சாதியில்லை, யாருக்கும் சங்கடமில்லை.

மணலாறு என்ற ஊர்ப்பெயர் சிங்களத்தில் வெலி ஓயா ஆனபோது நாங்கள் எவ்வளவு கொதித்தோம், இன்றும் கொதிக்கிறோம். கொதிக்கவேண்டியதுதான். அரசாங்கம் பெயரை மாற்றினால் அது வரலாற்று அழிப்பு என்று மேடையில் சொல்கிற நாங்களே, நகர் என்றும் புரம் என்றும் ஒட்டி எங்கள் பெயர்களை மாற்றினால் அது அபிவிருத்தியா? இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடியேறிய புது இடத்துக்கு விரும்பிய பெயரை வைப்பது வேறு விடயம், அது அவர்களுடைய உரிமை. இருக்கிற பெயரை வெட்கத்தில் மறைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஊர்ப்பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். பலகையில் முழுப்பெயரையும் எழுதுங்கள்: மருத்துவிச்சிமோட்டை. கிராம சேவகர் பதிவில் என்ன பெயர் இருந்தாலும் இருக்கட்டும், அதை மாற்ற அலையத் தேவையில்லை. சனசமூக நிலையப் பலகையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். கூட்டத்துக்கு உறுதியின் போட்டோப் பிரதியோடு வருகிறேன், பெரியம்மாவும் வரச் சம்மதித்திருக்கிறா.

இன்னும் ஒன்று கிடக்கிறது. காணியை ஊரவர்கள் கொடுத்தார்கள் என்று அம்மம்மா சொன்னதைப் பெரியம்மா ஒத்துக்கொள்வதில்லை. ஒருவரும் கொடுக்கவில்லை, புருசன் காய்ச்சலில் செத்தபிறகு மனுசி தனியே காடு வெட்டி எடுத்த காணி அது என்கிறா. உறுதியில் அந்தப் பகுதி வாசிக்க முடியாமல் ஊறிக் கிடக்கிறது. கற்சிலைமடு, முத்தையன்கட்டுப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் யாரிடமாவது எங்கள் மோட்டையை எல்லையாகக் காட்டுகிற உறுதியோ, விதானைமார் காலத்துக் கடிதமோ இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அம்மாமாரின் பெட்டிகளையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். கிடைத்தால் இரண்டு கதையில் எது சரி என்று பார்க்கலாம்.