ரிலே மூடியில் இருக்கும் 10 ஆம்ப் எதற்கு?

"10 ஆம்ப் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 48 வோல்ட் சோலார் பேட்டரியிலும் 10 ஆம்ப் தாங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்காது அண்ணே. சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கும் அந்த நீலப் பெட்டி ரிலேயின் மூடியைப் பாருங்கள்: 250 வோல்ட் ஏசிக்கு (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) 10 ஆம்ப், டிசிக்கு (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம்) 30 வோல்ட் வரைதான். நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், ரிலேயின் முனைகள் விலகும்போது எழும் பொறி தானே அணையும். டிசி அப்படிச் சுழியைத் தொடுவதே கிடையாது. முனைகள் விலகினாலும் பொறி நீண்டு எரிந்து, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே முழுக்கக் கரி. 12 வோல்ட் விளக்குக்கு அது சரி. 48 வோல்ட்டுக்கு டிசி கான்டாக்டர் (டிசிக்கென்றே செய்த பெரிய ரிலே) வாங்குங்கள். அப்புறம், அதில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் மாற்றி இணைத்துவிடாதீர்கள்.